பழைய கதை கேட்பதும் செவிலியர் வேலைதான்: இறுதிக்கால நோயாளிகளும் நினைவுகூரலும்

வீட்டுக்கு வந்த செவிலியர் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரைகளைச் சரிபார்க்கிறார். அப்புறம் கிளம்பாமல், நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க பாட்டி?" என்று கேட்கிறார். வீட்டார் பலருக்கு இது புரிவதில்லை. வந்த வேலை முடிந்ததே, எதற்கு ஊர்க்கதை? சிலர், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தெம்பும் பேசியே கரைந்துவிடுமே என்று சங்கடப்படுகிறார்கள். இன்னும் சிலருக்கு வேறு பயம். பழசையெல்லாம் கிளறினால், முடிவு நெருங்கிவிட்டது என்று பாட்டிக்குத் தெரிந்துவிடுமோ?

மூன்றும் நியாயமான சந்தேகங்கள், மூன்றுக்கும் பதில் உண்டு. செவிலியர் அங்கே பொழுது போக்கவில்லை. அவர் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது, செய்முறை இருக்கிறது, செய்யக்கூடாத நேரமும் இருக்கிறது.

முதலில் சொற்கள்

பேலியேட்டிவ் கேர் என்பதைத் தமிழில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை என்கிறோம். கடுமையான நோயில் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப் புண், மனவேதனை ஆகியவற்றைக் குறைத்து, இருக்கும் நாட்களை நல்லபடியாக வாழவைப்பது இதன் வேலை. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். உலகில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது, அவர்களில் கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கேரளம் 2008-இல் இதற்கென்று அரசுக் கொள்கையே வகுத்தது. அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகச் செவிலியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே போய் ஆதரவு சிகிச்சை தருவது ஒரு பகுதி.

இந்தச் சிகிச்சைக்குள் பழைய நினைவுகளைக் கையாளும் முறைகள் மூன்று. பலரும் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. நினைவுகூரல். எளிமையானது. ஒரு புகைப்படம், ஒரு பாட்டு, ஒரு சமையல், ஒரு தழும்பு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழையதைப் பேச வைப்பது. வரிசை வேண்டாம், முடிவுக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் தொகுக்கும் செவிலியர் பணிகளின் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு.

2. வாழ்க்கை மீள்பார்வை. சிறுவயதிலிருந்து இன்றுவரை வரிசையாகப் போவது. நல்லதோடு கெட்டதும் வரும். நடந்ததை எடைபோட்டு, "சரி, இப்படித்தான் வாழ்ந்தேன்" என்று ஒருவர் தன் வாழ்க்கையோடு சமாதானம் ஆவதற்கு இது உதவப் பார்க்கிறது. பார்பரா ஹைட் என்ற அமெரிக்கச் செவிலியர் இதை வாரம் ஒருமுறை என்று பல வாரங்களுக்கு நீளும் முறையாக வகுத்தார்.

3. கண்ணிய சிகிச்சை. கனடாவின் வின்னிபெக் நகரில் உளவியல் மருத்துவர் ஹார்வி சோசினோவ் உருவாக்கியது. குறிப்பிட்ட சில கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, திருத்தி, நோயாளிக்கே படித்துக்காட்டி, அவர் விரும்பும் ஆளிடம் சேர்க்க ஓர் ஆவணமாகக் கொடுப்பது.

முதலாவதை எந்தச் செவிலியரும் இன்றே தொடங்கலாம். இரண்டாவதுக்குப் பயிற்சி வேண்டும். மூன்றாவதுக்குப் பயிற்சியோடு, எழுதித் திருத்தப் பல மணி நேரமும் வேண்டும்.

"வயசானா இப்படித்தான் புலம்புவாங்க"

1960-கள் வரை, முதியவர் பழசையே பேசிக்கொண்டிருந்தால் மூளை தளர்ந்துவிட்டது என்றுதான் மருத்துவ உலகமும் நினைத்தது. பேச்சை மாற்றுங்கள், நிகழ்காலத்துக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் அன்றைய ஆலோசனை. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க உளவியல் மருத்துவர் 1963-இல் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. சாவு நெருங்குகிறது என்ற உணர்வு வரும்போது மனம் தானாகவே திரும்பிப் பார்க்கிறது, தீராத கணக்குகள் மேலே வருகின்றன, இது இயல்பு என்றார் அவர். வாழ்க்கை மீள்பார்வை என்ற சொல் அந்தக் கட்டுரையில்தான் நிலைபெற்றது. திரும்பிப் பார்ப்பது எல்லோருக்கும் நிம்மதியில் முடியாது, சிலருக்குக் குற்ற உணர்விலும் கடும் மனச்சோர்விலும் போய் நிற்கலாம் என்றும் அவரே எச்சரித்தார். இந்த எச்சரிக்கையைப் பின்னால் வந்த பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை.

இன்னொரு வேர் லண்டனில் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு மருத்துவர். வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி, 1948-இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வயது நாற்பது. ஓட்டலில் பரிமாறுபவராக இருந்தவர், குடும்பம் இல்லாதவர். தான் வாழ்ந்ததற்கு ஒரு சுவடும் மிஞ்சவில்லையே என்பது அவருடைய வேதனை. சாண்டர்ஸ் பல நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இப்படிப்பட்டவர்களுக்காக ஓர் இல்லம் வேண்டும் என்ற யோசனை அந்தப் பேச்சில்தான் பிறந்தது. டாஸ்மா 500 பவுண்டு விட்டுப்போனார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற அந்த இல்லம் 1967-இல் திறந்தது. உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் என நான்கும் சேர்ந்ததே ஒருவரின் "முழு வலி" என்று சாண்டர்ஸ் சொன்னதற்குப் பின்னால், இப்படிக் கேட்ட கதைகள் நிறைய இருந்தன.

கட்டிலோரத்தில் என்ன நடக்கிறது?

விளக்கத்துக்காக ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்செங்கோடு பக்கம் ஒரு வீடு. நுரையீரல் புற்றுநோயில் படுத்திருக்கும் எழுபது வயதுக்காரர். யாரிடமும் பேசுவதில்லை, புரட்டிப் படுக்கவைத்தால் எரிந்து விழுகிறார். மூன்றாவது வருகையில் கையைத் துடைக்கும்போது செவிலியர் ஒரு நீளத் தழும்பைப் பார்க்கிறார்.

"இது என்னங்கய்யா தழும்பு?"

"ராடு புடிச்ச கை அம்மணி."

"போர்வெல் போடுற ரிக் வண்டிங்களா? எந்தப் பக்கமெல்லாம் போனீங்க?"

"ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு இருவது வருசம்."

"தண்ணி வந்துருச்சுன்னு எப்படீங்கய்யா தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அவர் தலையைத் திருப்புகிறார். கல்மாவு புகையாகப் பறந்துகொண்டே இருக்கும், ஒரு நேரத்தில் புகை அடங்கி ஈரமாக வரும், சேறாகும், அப்போதே தெரிந்துவிடும் என்று கையை அசைத்துக் காட்டுகிறார். மூச்சு வாங்குகிறது. செவிலியர் அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார். ஐந்து நிமிடம்தான். அடுத்த முறை புரட்டிப் படுக்கவைக்கும்போது அவர் எரிந்து விழவில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை சில.

1. கேள்வி கையிலிருந்த தழும்பிலிருந்து வந்தது. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் பலர் "சொல்ல என்ன இருக்கு" என்று முடித்துவிடுவார்கள்.

2. அவருக்குத் தெரிந்து செவிலியருக்குத் தெரியாத விஷயம் அது. நோய் வந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: இதைச் சாப்பிடு, இப்படிப் படு. முதல்முறையாக ஒருவர் அவரிடம் கற்றுக்கொள்ளக் கேட்கிறார்.

3. எந்த வருடம், எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கவில்லை. ஆண்டு தவறினால் திருத்தவும் கூடாது, அது விசாரணை ஆகிவிடும்.

4. கேட்டது இளமைக்கால வேலையைப் பற்றி. பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள்தான் முதியவர்களிடம் அதிகம் தங்கியிருக்கின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் விஷயம். பள்ளிக்கூடம், முதல் சம்பளம், கல்யாணம், தலைப்பிள்ளை என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும்.

5. செவிலியர் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டு கேட்டால் கிளம்பப் போகிறார் என்றுதான் நோயாளிக்குத் தோன்றும்.

வாசனை பழைய நினைவை வேகமாக எழுப்பும். ஆனால் கீமோதெரபியிலோ வலி மருந்திலோ இருப்பவர்களுக்கு அதே வாசனை குமட்டலைக் கொண்டுவரலாம். தாளிக்கும் வாசனை பிடிக்குமே என்று கட்டிலருகே கொண்டுபோவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. கல்யாண ஆல்பம், பழைய குடும்ப அட்டை, தையல் பெட்டி, மண்வெட்டிக் காம்பு என்று தொட்டுப் பார்க்கிற பொருளில் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு பலன் நோயாளியின் பக்கம் இல்லை, பார்த்துக்கொள்பவரின் பக்கம் இருக்கிறது. நுரையீரல் கேஸ் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், அந்தச் சேறு கதைக்கு அப்புறம் அதே கையை வேறு மாதிரித் துடைக்கிறார். சோசினோவ் குழு இதை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறது: உங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பதிலை நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவக் குறிப்பில் எழுதி வைத்தால் அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத அரசு மருத்துவமனை வார்டுக்கு, என் மதிப்பில், எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது இந்த ஒற்றைக் கேள்விதான்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

கண்ணிய சிகிச்சை பற்றி 2005-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 நோயாளிகள் பங்கேற்றார்கள். 91 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள், 76 சதவீதம் பேர் தங்கள் கண்ணியம் கூடியதாக உணர்ந்தார்கள், 81 சதவீதம் பேர் இது குடும்பத்துக்கு உதவியது அல்லது உதவும் என்றார்கள். படிக்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை.

2011-இல் அந்தக் குறை தீர்ந்தது. மூன்று நாடுகளில் 326 நோயாளிகள் முடித்த ஆய்வில், ஒரு குழுவுக்குக் கண்ணிய சிகிச்சை, ஒரு குழுவுக்கு வழக்கமான ஆதரவு சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு நோய் பற்றியும் அன்றாடம் பற்றியும் செவிலியருடன் உரையாடல். மனவேதனையை அளக்கும் அளவுகோல்களில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆரம்பத்திலேயே அவர்களின் வேதனை அளவு குறைவாக இருந்ததால் மேலும் குறைய இடமில்லை என்பது ஒரு விளக்கம். அதே நேரம், முடிவில் நேரடியாகக் கேட்டபோது, தங்களுக்கு உதவியது, கண்ணியம் கூடியது என்று சொன்னவர்கள் கண்ணிய சிகிச்சைக் குழுவில்தான் அதிகம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? மனச்சோர்வுக்கு மருந்தாக நினைவுகூரலைக் கொடுக்கக் கூடாது. தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்தால் போதும் என்று நாள்முழுக்கச் சொல்பவருக்கு உளவியல் மருத்துவர் வேண்டும், பழைய ஆல்பம் அந்த இடத்தை நிரப்பாது. அதற்காக, நோயாளிகள் வாய்விட்டு "நல்லா இருந்துச்சு" என்று சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. கொஞ்ச நாளே இருப்பவருக்கு ஒரு நல்ல மதியம் சின்ன விஷயம் இல்லை.

ஜப்பானில் மிச்சியோ ஆண்டோ செய்தது கவனிக்கத் தக்கது. பல வாரம் நீளும் மீள்பார்வையை இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளால் முடிக்க முடிவதில்லை, நடுவில் உடல் தளர்கிறது அல்லது உயிர் போகிறது. எனவே அதை ஒரு வார இடைவெளியில் இரண்டே சந்திப்புகளாகச் சுருக்கினார். முதல் சந்திப்பில் பேச்சு. இடையில், பேசியவரின் சொற்களும் பொருத்தமான படங்களும் சேர்ந்து ஒரு சிறிய ஆல்பமாகிறது. இரண்டாவது சந்திப்பில் இருவரும் அதைப் புரட்டுகிறார்கள். வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வும் மன நிம்மதியும் இதில் மேம்பட்டதாக அவருடைய ஆய்வுகள் சொல்கின்றன. தெம்பு கரைகிறதே என்று கவலைப்படும் வீட்டாருக்கும் இதில் பதில் இருக்கிறது: நேரத்தை நோயாளியின் உடம்புதான் முடிவுசெய்கிறது.

நோயை மறைத்து வைத்திருக்கும் வீடுகளில்

நம் ஊர்களில் இது தனிச் சிக்கல். புற்றுநோய் என்று மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கு மட்டும் "அல்சர்தான், சரியாயிரும்" என்று சொல்லியிருக்கும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டிலருகே யாராலும் இயல்பாகப் பேச முடிவதில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் எங்கே போய் முடியுமோ என்ற பயம்.

கண்ணிய சிகிச்சையை இந்த வீட்டில் அப்படியே இறக்க முடியாது. "உங்கள் அன்புக்குரியவர்களிடம் இன்னும் சொல்ல வேண்டியது என்ன?" என்ற கேள்விக்குள்ளேயே பிரிவு இருக்கிறது. நினைவுகூரலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. நோயின் பெயர் தெரியாதவரிடமும் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேட்கலாம். அதனால் முடிவு தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு அவசியம் இல்லை. தன் உடம்பை அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார் என்பதும் அனுபவமுள்ள செவிலியர்களுக்குத் தெரியும். பழைய பேச்சு ஓடும்போது நடுவில் அவராகவே "இனி எத்தன நாளு அம்மணி?" என்று கேட்கக்கூடும். அப்போது பொய் சொல்லக் கூடாது, அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. "ஏன் அப்படித் தோணுதுங்கய்யா?" என்று கேட்டு, அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிந்து, மருத்துவரையும் குடும்பத்தையும் அந்த உரையாடலுக்குள் கொண்டுவருவதுதான் முறை.

ஒருவர் எப்படி வாழ்ந்தார், என்ன பாடுபட்டார், யாரை வளர்த்தார் என்று ஊர் கேட்கச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. ஒப்பாரி அதைத்தான் செய்கிறது. ஆனால் அது பாடப்படும்போது கேட்க அவர் இருப்பதில்லை. செவிலியர் கேட்கும் பழைய கதையில், அதே வாழ்க்கையை அவரே சொல்லி, வீட்டார் கேட்பதை அவர் கண்ணால் பார்க்க முடிகிறது.

கசப்பு மேலே வந்தால்

ரிக் வண்டிக்காரரிடம் திரும்புவோம். இரண்டு வாரம் கழித்து அவர் வேறு ஒன்று சொல்கிறார். ஊரிலிருந்து தானே கூட்டிப்போன ஒரு பையன். ராடு சரிந்து விழுந்தது. "அவங்கம்மா மூஞ்சியில முழிக்கவே இல்ல நான்."

இந்த இடத்தில் நம் வாயில் முதலில் வருவது, "விடுங்கய்யா, அது உங்க தப்பில்ல". நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அவர் நாற்பது வருடம் சுமந்ததை ஒரே வாக்கியத்தில் மூடி வைக்கச் சொல்வது போல ஆகிவிடுகிறது. அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். செவிலியர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் பேரு என்னங்கய்யா?" என்று கேட்கிறார்.

பெயரைச் சொன்னதால் குற்ற உணர்வு போய்விடாது. தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் நடக்கும். அதற்குமேல் ஏதாவது செய்ய அவர் விரும்பினால், அந்தக் குடும்பத்துக்கு ஒரு சேதி அனுப்புவதோ கோயிலில் ஒரு விளக்கோ, அதை அவர் சொல்ல வேண்டும்.

கசப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கனடாவில் வோங், வாட் என்ற இருவர் 1991-இல் நினைவுகூரலை ஆறு வகையாகப் பிரித்தார்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்து ஒப்புக்கொள்ளும் வகையும், அன்றைக்கு எப்படிச் சமாளித்தோம் என்று எண்ணிப் பார்க்கும் வகையும் நலமாக முதுமையைக் கழிப்பவர்களிடம் அதிகம் இருந்தன. ஒரே காயத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் வகை மற்றவர்களிடம்தான் அதிகம். ஒவ்வொரு வருகையிலும் அதே நிகழ்ச்சி, அதே சொற்கள், சொன்னபின் முன்னைவிட மோசமான இரவு என்றால் அது இந்தச் சுழல். அங்கே நிறுத்திவிட்டு மனநல உதவி தேட வேண்டும்.

போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஈழத்து முதியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். "ஊர் எது?" என்ற சாதாரணக் கேள்வியே அவர்களை எங்கோ கொண்டுபோய் விடக்கூடும். கதவை அவர்கள் திறக்கும் அளவுக்குத்தான் உள்ளே போகலாம்.

கேட்கக்கூடாத நேரங்கள்

வலி அடங்காமல் இருக்கும்போது கூடாது. முதலில் மார்பின், அப்புறம்தான் மலரும் நினைவு. டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பத்தில், நேரமும் இடமும் தெரியாமல் பதறுபவரிடம் கூடாது. அது நினைவுகூரல் இல்லை, காரணம் தேடிச் சிகிச்சை தர வேண்டிய நிலை. வேண்டாம் என்று முகத்தைத் திருப்புபவரிடம் கூடாது. பேசாமல் இருப்பதும் அவருடைய உரிமை.

பதிவு செய்வதாக இருந்தால் முன்பே சம்மதம் வேண்டும், யார் கேட்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். செல்போனில் எடுத்த காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், தங்கை மேல் இருந்த பழைய மனத்தாங்கல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய அவர் இருக்க மாட்டார். கண்ணிய சிகிச்சையில் ஆவணத்தை நோயாளிக்கே படித்துக்காட்டித் திருத்தும் கட்டம் இதற்காகவும்தான்.

பேச்சு நின்ற பிறகு

கடைசி நாட்களில் பெரும்பாலோர் கண்மூடிக் கிடப்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த அசைவும் காட்டாத ஹாஸ்பிஸ் நோயாளிகளில் சிலரின் மூளை, சாகும் முன் சில மணி நேரத்திலும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது. கேட்டதன் பொருள் அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் கட்டிலருகே பேசிக்கொண்டிருக்க இது போதுமான காரணம்.

பலருக்கு அப்போது என்ன பேசுவது என்றே தெரியாது. ரிக்காரரின் மகன் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டே இருக்கிறார், பக்கத்தில் வரவில்லை. செவிலியர் கிழவரின் கையை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தபடி, "ராடு புடிச்ச கைங்கய்யா இது" என்கிறார். பிறகு மகனைப் பார்த்து, "புகை அடங்கி சேறு வந்தா தண்ணின்னு ஐயா சொன்னாருங்க. நீங்க எப்பவாச்சும் வண்டியில கூடப் போயிருக்கீங்களா?"

"ஒரே ஒருக்கா. பள்ளிக்கூட லீவுல." கொஞ்சம் தயங்கி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். "நானூறு அடி போயும் வரலைங்க. அப்பா எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு..."